கால்பந்துக் கேள்வி – பதில்: கோப்பையின் கதவு எவ்வளவு அகலம்?

சென்ற இதழில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையைப் பற்றிப் போகிற போக்கில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதை ஒட்டி மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தபோது, தோற்ற அணி உடனே வெளியேறும் நாக் அவுட் போட்டி என்பது நம் பகுதி இளைஞர்களுக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் காட்சி மட்டுமல்ல, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் தாங்களே கூடி நடத்துகிற ஒன்று என்பது தெளிவாயிற்று. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பிரீமியர் லீக் இருக்கும்போது எஃப்.ஏ. கோப்பை என்று தனியாக ஒன்று எதற்கு? லீக்கில் முதலிடம் பெறும் அணிதானே நாட்டின் சிறந்த அணி?
– கல்லூரி மாணவர், மேலூர்

நாட்டின் சிறந்த அணி எது என்பதை அறிய லீக்கே சரியான வழி. 38 ஆட்டங்கள், உள்ளூரிலும் வெளியூரிலும் ஒவ்வொரு எதிரணியுடனும் இரண்டு முறை மோதல் என்ற அமைப்பில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெருமளவு கரைந்துவிடும். கோப்பை விடை தேடும் கேள்வியே வேறு. இன்று, இந்த மைதானத்தில், இந்த 90 நிமிடங்களில் யார் மேலானவர் என்பதை மட்டுமே அது கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை எத்தனை அணிகளுக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஒரு கோப்பையின் மதிப்பு அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

வயதிலும் கோப்பைதான் மூத்தது. இங்கிலாந்தின் லீக் 1888-இல் தொடங்கியது, எஃப்.ஏ. கோப்பை 1871-இலேயே பிறந்துவிட்டது. கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்த சார்லஸ் ஆல்காக், தாம் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே நடந்த நாக் அவுட் போட்டியை மனத்தில் கொண்டு இந்த யோசனையை முன்வைத்தார். முதல் ஆண்டில் பெயர் கொடுத்தவை 15 அணிகள். 1872 மார்ச் 16 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாண்டரர்ஸ் அணி ராயல் எஞ்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணியை 1–0 என்று வென்றது.

ஆனால் அந்த முதல் ஆண்டில் என் மனத்தில் நிற்பது இறுதி ஆட்டமன்று, அதற்கு முந்தைய அரையிறுதி. கிளாஸ்கோ நகரத்தின் குவீன்ஸ் பார்க் அணி லண்டனுக்கு வந்து வாண்டரர்ஸுடன் கோலின்றி சமன் செய்தது. மறு ஆட்டத்துக்காக லண்டனில் தங்கவோ, ஊருக்குப் போய்த் திரும்பி வரவோ அவர்களிடம் பணம் இல்லை. ஆட்டத்தில் தோற்காத அணி ரயில் கட்டணத்தால் வெளியேறியது. தேசிய அளவிலான எந்தக் கோப்பையும் இந்தச் சிக்கலைத் தீர்த்தே ஆக வேண்டும். நம் நாட்டைப் பற்றிய கேள்வி வரும்போது மீண்டும் இதைத் தொட வேண்டியிருக்கும்.

தொடக்க ஆண்டுகளில் மேட்டுக்குடிப் பள்ளிகளில் படித்தவர்களும் ராணுவ அதிகாரிகளுமே கோப்பையை வென்றார்கள். 1883-இல் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்ட பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை 2–1 என்று வீழ்த்தியபோது அந்தக் காலம் முடிந்தது. அதன் பிறகு கால்பந்து உழைப்பவர்களின் ஆட்டமாயிற்று. இன்று ஒவ்வோர் ஆண்டும் 700-க்கு மேற்பட்ட அணிகள் எஃப்.ஏ. கோப்பையில் இடம்பெறுகின்றன. ஆகஸ்டு மாதத்தில் ஊர்ப்புற அணிகள் தகுதிச் சுற்றுகளைத் தொடங்குகின்றன. பிரீமியர் லீக் அணிகள் 64 அணிகள் எஞ்சும் மூன்றாம் சுற்றில்தான், ஜனவரியில், உள்ளே வருகின்றன. அந்தச் சுற்றின் குலுக்கலில் தரவரிசை கிடையாது. எந்த எண்ணுள்ள பந்து முதலில் வருகிறதோ அந்த அணிக்குச் சொந்த மைதானம், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் சமன் ஆனால் மறு ஆட்டம் வைப்பார்கள் என்று என் தந்தையார் சொல்வார். அதை நிறுத்தியது சரியா?
– வாசகர், திண்டுக்கல்

எஃப்.ஏ. கோப்பையில் 2024–25 பருவம் முதல், பிரதானப் போட்டியின் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டம் நீக்கப்பட்டுவிட்டது; இப்போது கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. ஐரோப்பியப் போட்டிகளால் பெரிய அணிகளின் நாட்காட்டி நிரம்பிவிட்டது என்பது சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. 1971-இல் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்போர்டு சிட்டி என்ற இரு சிறிய அணிகள் ஒரே சுற்றில் ஆறு முறை மோதிய பிறகே முடிவு கிடைத்தது. அப்படிப்பட்ட நிலையை இன்று யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆனாலும் இந்த மாற்றத்தால் இழந்தவை சிறிய அணிகளே என்பதை மறைக்க முடியாது. 2005 ஜனவரியில், முதல் நான்கு பிரிவுகளுக்கும் வெளியே, கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த எக்ஸிட்டர் சிட்டி அணி ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை கோலடிக்க விடாமல் 0–0 என்று நிறுத்தியது. மறு ஆட்டத்தில் 2–0 என்று தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் நுழைவுச் சீட்டு வருவாயிலும் ஒளிபரப்புத் தொகையிலும் கிடைத்த பங்கு அந்த அணி கடனிலிருந்து மீள உதவியது. சமன் என்ற முடிவுக்கே ஒரு பரிசு இருந்த காலம் அது. மறு ஆட்டத்தை நிறுத்தியவர்கள், அந்தத் தொகையைச் சிறிய அணிகளுக்கு வேறு வழியில் உறுதி செய்த பிறகு நிறுத்தியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

உலகில் எந்த நாட்டுக் கோப்பை சிறிய அணிகளுக்கு உண்மையாகவே இடம் கொடுக்கிறது?
– அஞ்சல் ஊழியர், பெரியகுளம்

என் தேர்வு பிரான்சு. 1917–18-இல் தொடங்கிய கூப் த ஃபிரான்ஸ் போட்டியில் 7,000-க்கு மேற்பட்ட அணிகள் பெயர் கொடுக்கின்றன. இரண்டு பிரிவுகளோ அதற்கு மேலோ கீழே உள்ள அணிக்குச் சொந்த மைதானம் என்பது அங்கே விதி. கடல் கடந்த பிரெஞ்சு நிலப்பகுதிகளின் அணிகளுக்கும் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் ரீயூனியன் தீவிலிருந்து, ழே.எஸ். சேன்-பியரோயிஸ் என்ற அணி 2020 ஜனவரியில் 9,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து சென்று, நியோர் என்ற தொழில்முறை அணியை அதன் சொந்த ஊரிலேயே 2–1 என்று வென்று கடைசி 32 அணிகளுக்குள் நுழைந்தது. குவீன்ஸ் பார்க் அணிக்கு 1872-இல் இல்லாமற்போன பயண வசதியை, ஒரு போட்டி அமைப்பு மனம் வைத்தால் ஏற்படுத்தித் தர முடியும் என்பதற்கு இது சான்று.

2000-ஆம் ஆண்டில் நான்காம் பிரிவைச் சேர்ந்த கலே அணி இறுதி ஆட்டம் வரை சென்றது. துறைமுகத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் வேலை முடிந்து வந்து பயிற்சி செய்த அணி அது. அரையிறுதியில் அப்போதைய லீக் சாம்பியனான போர்தோவை வீழ்த்தி, இறுதியில் நான்த் அணியிடம் ஆட்டம் முடியும் தறுவாயில் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்டியால் 2–1 என்று தோற்றது. நான்த் அணித் தலைவர் மிக்கேல் லாந்த்ரோ, கலே அணித் தலைவரை அழைத்து இருவருமாகச் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். கோப்பை வரலாற்றில் இதைவிடப் பண்பான ஒரு செயலை நான் அறிந்ததில்லை.

ஜெர்மனியின் அமைப்பு இன்னும் சிக்கனமானது. அங்கே பிரதானப் போட்டியில் 64 அணிகள் மட்டுமே. ஆனால் 21 வட்டாரச் சங்கங்கள் தத்தம் எல்லைக்குள் தனித்தனிக் கோப்பை நடத்துகின்றன. அவற்றை வெல்லும் அணிகள் அடுத்த பருவத்தின் தேசியக் கோப்பைக்குத் தகுதி பெறுகின்றன. முதல் சுற்றில் அந்தச் சிறிய அணிகளின் ஊருக்குப் பெரிய அணிகள் வந்து ஆட வேண்டும். 1994-இல் பவேரியாவின் ஒரு கிராமத்து அணியான ஃபெஸ்டன்பெர்க்ஸ்க்ராய்ட், பயர்ன் மியூனிக் அணியை 1–0 என்று வென்றது இந்த வழியில் வந்த ஆட்டத்தில்தான்.

நம் நாட்டில் இப்படியொரு கோப்பை இல்லையா? எங்கள் அணி எத்தனை போட்டிகளில் வென்றாலும் மாவட்டத்தைத் தாண்ட வழியில்லையே.
– மில் தொழிலாளி, திருமங்கலம்

உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. அதற்கு நீண்ட பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாக் அவுட் கோப்பைகளில் இந்தியா பின்தங்கிய நாடன்று. டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவில் இன்றும் நடக்கும் போட்டிகளில் அதுவே மிகப் பழமையானது. முதலில் அது பிரிட்டிஷ் இந்திய ராணுவ அணிகளுக்கானதாகவே இருந்தது. கல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு 1893-இல் வந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2–1 என்று வென்று அந்த ஷீல்டைக் கைப்பற்றியது. அந்த ஒரு நாளின் வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது, அது நாக் அவுட் போட்டியாக இருந்ததால்தான்: ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் ஒரே விதி, ஒரே மைதானம். டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி, 1940-இல், முகமதன் ஸ்போர்ட்டிங்.

நாடு முழுவதற்குமான கிளப் அணிகளின் கோப்பையாக ஃபெடரேஷன் கோப்பை 1977-இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே பெங்களூரின் ஐ.டி.ஐ. என்ற தொழிற்சாலை அணி மோகன் பகானை வென்றது. அடுத்த போட்டி நம் கோயம்புத்தூரில் நடந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோலின்றி முடித்துக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கேரள போலீஸ் அணி வென்றது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன் ஆகியோர் ஆடிய அந்த அணி அன்று தென்னிந்தியக் கால்பந்து ரசிகர்களுக்குக் கொடுத்த பெருமிதம் பெரிது. 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4–1 என்று வென்ற அரையிறுதிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்த ஆட்டம் அது.

அந்தக் கோப்பை 2017-உடன் நிறுத்தப்பட்டது. 2018 முதல் அதன் இடத்தில் சூப்பர் கோப்பை நடக்கிறது. இதில் இடம்பெறுபவை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்), ஐ-லீக் ஆகிய மேல்நிலைப் பிரிவுகளின் அணிகள் மட்டுமே. அதாவது, திருமங்கலத்திலோ தேவாரத்திலோ உள்ள ஓர் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றாலும் இந்தக் கோப்பைக்குள் நுழைய நேரடியான வழி எதுவும் இல்லை. ஏற்கெனவே லீக்கில் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டிருக்கும் அணிகளே மறுபடியும் சந்திக்கும் போட்டிக்குத் தேசியக் கோப்பை என்ற தகுதி முழுமையாகப் பொருந்தாது என்று நான் கருதுகிறேன்.

கதவைச் சிறிது திறந்தாலும் என்ன நடக்கும் என்பதற்கு 2025 டூரண்ட் கோப்பை சாட்சி. 2022-இல்தான் தொடங்கப்பட்ட டயமண்ட் ஹார்பர் என்ற வங்காள அணி, தன் முதல் டூரண்ட் போட்டியிலேயே அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலை வென்று இறுதிக்குச் சென்றது. இறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டிடம் 6–1 என்று தோற்றது உண்மைதான். ஆனால் அது வரை சென்றதை யாரும் மறுக்க முடியாது.

நம் நாட்டின் தூரங்களைப் பார்க்கும்போது, பிரான்சின் முறையை அப்படியே கொண்டுவர இயலாது. ஜெர்மானிய முறை நமக்குப் பொருந்தும். மாவட்டச் சங்கங்கள் தங்கள் எல்லைக்குள் ஒரு நாக் அவுட் கோப்பை நடத்தட்டும். மாவட்ட வெற்றியாளர்கள் மாநிலக் கோப்பையில் மோதட்டும். மதுரை அணி திண்டுக்கல்லுக்கோ விருதுநகருக்கோ பேருந்தில் போய் ஆடிவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம், பெருஞ்செலவு ஆகாது. மாநிலக் கோப்பையை வென்ற அணிகளுக்குச் சூப்பர் கோப்பையின் முதல் சுற்றில் இடம் கொடுக்கட்டும், அந்த ஆட்டம் அவர்கள் மாநிலத்திலேயே நடக்கட்டும். ஐ.எஸ்.எல். அணி ஒன்று அரசரடி ரயில்வே மைதானத்திலோ ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ நம் பையன்களுடன் மோதுவதற்கு அதன் பிறகு தேவைப்படுவது ஆடுகளத் தரமும் பாதுகாப்பு ஏற்பாடும்தான். அவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். உங்கள் அணி மாவட்டச் சங்கத்தில் முறையாகப் பதிவு செய்திருந்தால், ஆண்டுப் பொதுக்குழுவில் இந்தக் கோரிக்கையை எழுத்துவடிவில் கொடுங்கள்.

பெண்களுக்கும் இப்படிக் கோப்பை உண்டா? நானும் என் தோழிகளும் பள்ளி அணியில் ஆடுகிறோம்.
– பிளஸ் டூ மாணவி, திருப்பரங்குன்றம்

உண்டு. ஆனால் அதற்காகப் பெண்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிய வேண்டும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், டிக் கெர் என்ற தொழிற்சாலையின் பெண்கள் அணி ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பு அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. சுமார் 50 ஆண்டுகள் நீடித்த அந்தத் தடை விலகிய காலத்தில்தான் மகளிர் எஃப்.ஏ. கோப்பை பிறந்தது. 1971-இல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் சவுத்தாம்ப்டன் அணி ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டன் திசில் அணியை 4–1 என்று வென்றது. 2023-இல் வெம்ப்ளியில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 77,390 பேர்.

நம் மதுரைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சேது எஃப்.சி. என்ற நம் ஊர் மகளிர் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆயிற்று. பெயரில் லீக் என்று இருந்தாலும் அந்த ஆண்டு குழுச் சுற்றுக்குப் பின் அரையிறுதியும் இறுதியும் நாக் அவுட் முறையிலேயே நடந்தன. தமிழ்நாட்டு மகளிர் மாநில அணியும் தேசியப் போட்டியில் இரண்டு முறை, 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதியில் வென்றிருக்கிறது. ஆண்கள் அணி எட்டாத உயரம் இது. உங்கள் பள்ளி அணி பள்ளிப் படிப்போடு கலைந்துவிடாமல், ஒரு கிளப்பாகப் பதிவு செய்துகொண்டு தொடர்ந்து ஆட வேண்டும் என்று உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள் அம்மா.

எங்கள் கோடைப் போட்டிக்கு 22 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. எத்தனை 'பை' (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை) கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும்? ஒவ்வோர் ஆண்டும் இதில்தான் சண்டை வருகிறது.
– உடற்கல்வி ஆசிரியர், உசிலம்பட்டி

22-க்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 32. அதிலிருந்து 22-ஐக் கழித்தால் 10. ஆகவே 10 அணிகளுக்கு பை. மீதமுள்ள 12 அணிகள் முதல் சுற்றில் 6 ஆட்டங்கள் ஆடும்; வெல்லும் 6 அணிகளும் பை பெற்ற 10 அணிகளும் சேர்ந்து 16. அதன் பின் 8, 4, 2, 1. மொத்தம் 21 ஆட்டங்கள். எத்தனை அணிகள் வந்தாலும் ஒன்றைக் கழித்தால் ஆட்ட எண்ணிக்கை கிடைத்துவிடும், ஏனெனில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. கடைசியில் ஓர் அணிதான் மிஞ்ச வேண்டும்.

பை எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதற்கு நீங்கள் படித்த முறையே போதும். பட்டியலை மேல் பாதி 11, கீழ்ப் பாதி 11 என்று பிரித்து, முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி இடத்துக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் இடத்துக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் இடத்துக்கு, நான்காவது மேல் பாதியின் கடைசி இடத்துக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரு பாதிக்கு ஐந்து வீதம் அமைந்துவிடும்.

சண்டை வருவது இடத்தால் அல்ல, அந்த இடத்தில் எந்த அணி உட்காருகிறது என்பதால். நம் பகுதியில் போட்டியை நடத்தும் அணியும், நன்கொடை கொடுத்தவர் ஊர் அணியும், தூரத்திலிருந்து வரும் பேர்பெற்ற அணியும் பை பெறுவது வழக்கமாகிவிட்டது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். முதலில் பை இடங்களைக் காகிதத்தில் குறித்துவிடுங்கள். பிறகு எல்லா அணித் தலைவர்களையும் ஒரே இடத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில், அணியைச் சேராத ஒரு சிறுவனையோ சிறுமியையோ கொண்டு 22 சீட்டுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். நடத்தும் அணியின் சீட்டும் அதே குடத்துக்குள் கிடக்கட்டும். எழுதிய பட்டியலில் எல்லாரிடமும் கையொப்பம் வாங்கி, அன்றே மைதானத்தில் ஒட்டிவிடுங்கள். சென்ற ஆண்டு இறுதிக்கு வந்த இரண்டு அணிகளை மட்டும் வெவ்வேறு பாதியில் வைப்பதில் தவறில்லை, அதையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தால்.

கால அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20–20 நிமிட ஆட்டம், நடுவில் 5 நிமிடம், அடுத்த அணிகள் இறங்க 5 நிமிடம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம். காலை 6.30-க்குத் தொடங்கினால் 10.40-க்குள் ஐந்து ஆட்டங்கள், மாலை 3.30 முதல் 6 மணி வரை மூன்று. நடுப்பகல் வெயிலில் யாரையும் ஓடவிடாதீர்கள்; மே மாத உசிலம்பட்டி வெயில் வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்தானது. முதல் சனிக்கிழமை 6 ஆட்டங்கள், ஞாயிறு 8, அடுத்த சனிக்கிழமை கால் இறுதி நான்கும் முடிந்தால், ஞாயிறு காலை அரையிறுதி, மாலை இறுதி. கடைசி நாளைத் தவிர எந்த அணியும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டியதில்லை. சமன் ஆனால் கூடுதல் நேரம் வைக்காமல் நேராக டை பிரேக்கர் எனப்படும் பெனால்டி உதைகளுக்குப் போய்விடலாம். பிரான்சின் கோப்பையிலேயே 2020–21 முதல் இறுதி ஆட்டத்தைத் தவிர மற்றச் சுற்றுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

டை பிரேக்கரில் அடித்த கோல்களை, அதிக கோல் அடித்தவருக்கான பரிசுக் கணக்கில் சேர்க்கலாமா? கோலி (கோல்கீப்பர்) பெனால்டி அடிக்காமல் விலகிக்கொள்ளலாமா?
– விளையாட்டுக் குழுச் செயலாளர், வாடிப்பட்டி

சேர்க்கக் கூடாது. டை பிரேக்கர் வெற்றியாளரைத் தீர்மானிப்பதற்காக மட்டுமே. ஆட்டத்தின் முடிவு பதிவேட்டில் சமன் என்றே எழுதப்படும், டை பிரேக்கர் எண்ணிக்கை தனியாகக் குறிக்கப்படும்.

முதல் ஐந்து முறையில் கோலி அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஐந்திலும் சமன் ஆகி, அணிக்கு ஓர் உதை வீதம் முடிவு தேடும் சடன் டெத் நீண்டுகொண்டே போனால், கோலி உட்படத் தகுதியுள்ள எல்லாரும் ஒரு முறை அடித்து முடிக்கும் வரை யாரும் இரண்டாம் முறை அடிக்க முடியாது. ஆட்டம் முடிந்தபோது களத்தில் இருந்தவர்களே அடிக்கத் தகுதி உள்ளவர்கள் என்பதையும், கோலி காயமடைந்து தொடர முடியாமற்போனால் மாற்று வீரர் வாய்ப்பு மீதமிருக்கும் பட்சத்தில் அவருக்குப் பதில் வேறொருவரை இறக்கலாம் என்பதையும் ஆட்டத்துக்கு முன்பே இரு அணித் தலைவர்களிடமும் ரெஃப்ரி சொல்லிவிடுவது நல்லது.